பத்துப் பேர் ஊரின் வரவு செலவு

கிளப் ஹவுஸில் நடந்த மூத்த குடியிருப்பாளர்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



போன மாதக் கூட்டத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் மேடம் பேசினார்கள். எல்லோருக்கும் உபயோகமான பேச்சு. இந்த மாதம் என் முறை என்று செயலாளர் சொன்னதும், வருமான வரி பற்றிப் பேசுவேன் என்றுதான் பலரும் நினைத்திருப்பீர்கள். அதற்கு மார்ச் மாதம் வரட்டும். இன்றைக்கு இத்தாலியில் ஒரு மலை உச்சியில் இருக்கும் மிகச் சின்ன ஊர் ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

என் மகன் வேலை நிமித்தமாக இரண்டு வருடம் ரோமில் இருந்தான். நானும் என் மனைவியும் மூன்று மாதம் போய் அவனோடு தங்கினோம். ரோம், பிளாரன்ஸ், பைசா கோபுரம், வெனிஸ் எல்லாம் டூர் பேக்கேஜில் போய்வந்தவர்கள் நம் வளாகத்திலேயே நிறைய பேர் இருக்கிறீர்கள். அதையெல்லாம் திரும்பச் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டேன். ஒரு விடுமுறை நாளில் மகன் காரில் வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போனான். லாட்சியோ மாநிலம், விதெர்போ மாவட்டம், பான்யோரேஜோ என்ற சிறு நகரம். அங்கே காரை நிறுத்திவிட்டு நடந்து போனால், பள்ளத்தாக்கின் நடுவில் தட்டில் வைத்த கேக் மாதிரி ஒரு பாறை. அதன் மேல் ஓடு வேய்ந்த கல் வீடுகள், ஒரு கோயில் மணிக்கூண்டு. அவ்வளவுதான் ஊர். பெயர் சிவித்தா. பக்கத்து நகரத்தின் பெயரையும் சேர்த்து சிவித்தா தி பான்யோரேஜோ என்பார்கள்.

அந்த ஊரில் நிரந்தரமாக வாழ்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நம் ‘ஏ’ பிளாக்கின் ஒரு மாடியில் இருப்பவர்களை விடக் குறைவு. ஆனால் ஒரு வருடத்தில் அந்த ஊருக்கு வந்து போகிறவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல் என்ற கணக்கும் உண்டு. வாழ்நாள் முழுக்க லெட்ஜர் எழுதியவனுக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? இந்த ஊருக்குச் சோறு போடுவது யார், இதைத் தாங்கிப் பிடிப்பது எது என்று அன்றைக்கு ஆரம்பித்தது. திரும்பி வந்தும் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் அஸ்திவாரம். வீடு வாங்கும்போது மண் பரிசோதனை அறிக்கை கேட்பவர்கள் நாம். சிவித்தாவின் மண்ணைப் பரிசோதித்தால் எந்த வங்கியும் கடன் கொடுக்காது.

பல லட்சம் வருடங்களுக்கு முன் அந்த இடம் கடலடி. கடலடியில் படிந்த களிமண்தான் அடித்தளம். பிற்பாடு பக்கத்தில் இருந்த எரிமலைகள் பொங்கி, சாம்பலும் கல்லுமாகக் கொட்டி, அந்தக் களிமண்ணின் மேல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் கல்லாகிவிட்டது. அந்தக் கல்லை அவர்கள் தூஃபோ என்கிறார்கள். அந்த எரிமலைகள் அடங்கிய இடத்தில்தான் இன்று போல்சேனா என்ற பெரிய ஏரி இருக்கிறது. ஆக, மேலே கனமான கல், கீழே வழுக்கும் களிமண். நெய் தடவிய தட்டில் செங்கல் வைத்தது போல.

இதோடு முடியவில்லை. பாறையின் இரு பக்கமும் இரண்டு ஓடைகள். ஒன்றின் பெயர் ரியோ கியாரோ, தெளிந்த ஓடை என்று பொருள். இன்னொன்று ரியோ தோர்பிதோ, கலங்கல் ஓடை. பெயர் வைத்தவன் நேர்மையான ஆள். இந்த ஓடைகளும் மழையும் சேர்ந்து களிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அடியில் களிமண் கரைந்ததும், மேலே பிடிமானம் இல்லாமல் தொங்கும் கல் ஒரு நாள் உடைந்து விழும். கூடவே ஒரு வீடும் போகும். சுற்றிலும் பள்ளத்தாக்கைப் பார்த்தால், செடி கொடி இல்லாமல், கத்தி முனை போன்ற வெளிர் சாம்பல் நிற மண் முகடுகள் வரிசை வரிசையாக நிற்கும். களிமண் கரைந்து மிச்சம் நிற்கிற எலும்புகள் அவை.

இப்படிப்பட்ட இடத்தில் எந்தப் புத்திசாலி ஊர் கட்டினான் என்று கேட்பீர்கள். எட்ருஸ்கர்கள். ரோமானியர்கள் தலையெடுப்பதற்கு முன்பே மத்திய இத்தாலியில் செல்வாக்காக வாழ்ந்த மக்கள். சுமார் 2500 வருடங்களுக்கு முன் அவர்கள் தொடங்கிய ஊர் இது. எதிரி சுலபத்தில் ஏற முடியாத உயரம், கைக்கெட்டிய தூரத்தில் விளைநிலம், வெட்டுவதற்கு எளிதான கல். அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பாறையைக் குடைந்து அறைகள் செய்தார்கள், கல்லறைகள் செய்தார்கள், ஊருக்கு அடியில் பள்ளத்தாக்கு வரை செல்லும் ஒரு சுரங்க வழியும் வெட்டினார்கள். புக்காயோனே என்று அதற்குப் பெயர். அந்தக் குடைவுகளை அதற்குப் பின் வந்தவர்கள் ஒயின் வைக்கும் நிலவறையாக, தொழுவமாக, ஒரு இடத்தில் மாதா கோயிலாகவும் பயன்படுத்தினார்கள். 2500 வருடத்தில் உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தாலும் அறை ஒன்றுதான்.

நடுக்காலத்தில் அது ஒரு முக்கியமான ஊர். ஆயர் இருந்த ஊர். சான் தொனாத்தோ தேவாலயம்தான் அந்த மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். கிறிஸ்தவ சமயத்தின் பெரிய ஞானிகளில் ஒருவரான புனித பொனவெந்தூர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேதான் பிறந்தார். பிரான்சிஸ்கன் சபையின் தலைவராகவும் பிறகு கர்தினாலாகவும் உயர்ந்து, 1274ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பொதுச்சங்கத்தின்போது இறந்தார். அவர் பிறந்த வீட்டைப் பார்க்கலாம் என்று போனால், பாறை விளிம்பில் இடத்தை மட்டும் காட்டுகிறார்கள். வீடு எப்போதோ பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது.

ஊரின் நுழைவாயிலில் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய சிங்கங்கள். ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு மனிதத் தலை. ஓர்வியேத்தோவைச் சேர்ந்த மொனல்தெஸ்கி என்ற பிரபுக் குடும்பம் இந்த ஊரை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்ததாம். ஊர் மக்கள் எழுந்து அவர்களை விரட்டியதன் நினைவுச் சின்னம் இது என்கிறார்கள். சிங்கம் மக்கள், தலை பிரபு. என் மனைவிக்கு அந்தச் சிங்கங்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

இனிதான் கதையின் முக்கியமான இடம். 1695ம் வருடம் ஜூன் மாதம் பெரிய நிலநடுக்கம். வீடுகள் இடிந்தன, பாறையின் ஓரங்கள் சரிந்தன, பக்கத்துப் பேட்டைக்குப் போகும் மேட்டுப் பாதையும் சேதமானது. இன்று நாம் பான்யோரேஜோ என்று சொல்லும் இடம் அப்போது சிவித்தாவின் புறநகர்ப் பேட்டைதான். ரோத்தா என்று பெயர்.

நிலநடுக்கம் அந்த ஊருக்குப் புதிதில்லை. அதற்கு முன்பும் நடுங்கியிருக்கிறது, விழுந்திருக்கிறது, கட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை வேறு ஒன்று நடந்தது. ஆயரும் ஊர் நிர்வாகமும் அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டு பேட்டைக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் சிவித்தா தேறவே இல்லை.

என் வங்கி வாழ்க்கையில் கிளைகள் மூடப்பட்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிளை போனால் பணம் எடுக்கிற வசதி மட்டும் போகாது. எதிரில் இருந்த ஸெராக்ஸ் கடை போகும், பக்கத்து டீக்கடையில் வியாபாரம் குறையும், பத்திரம் எழுதுபவர் வேறு தெருவுக்குப் போவார். அலுவலகம் போன பின்னால் வியாபாரம் போகும், வியாபாரம் போன பின்னால் வாலிபர்கள் போவார்கள். சிவித்தாவில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகங்களில் மண் அரிப்பைத்தான் முதல் காரணமாகச் சொல்வார்கள். மண் அந்த ஊரை 2000 வருடம் அரித்துக்கொண்டுதான் இருந்தது, அப்போதெல்லாம் ஊர் இருந்ததே! ஆயரும் அதிகாரியும் மேலே இருக்கும் வரை பாதையைச் சரிசெய்ய ஆள் இருந்தது, பணம் இருந்தது. அவர்கள் இறங்கிய பிறகு பாதை யாருடைய பொறுப்பு?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆயரை வாங்கிக்கொண்ட பான்யோரேஜோவும் அவரைக் கடைசி வரை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1986ல் அந்த மறைமாவட்டத்தையே விதெர்போவோடு இணைத்துவிட்டார்கள். நம்மில் வங்கி இணைப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும். பெயர்ப் பலகையை மாற்ற ஒரு நாள் போதும்.

அதற்குப் பிறகு சுமார் 250 வருடத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒரே கதை. ஓரம் சரியும், சில குடும்பங்கள் இறங்கும். மறுபடி சரியும், இன்னும் சில குடும்பங்கள் இறங்கும். மிஞ்சியவர்கள் ஆலிவ், திராட்சை, கழுதை என்று காலம் தள்ளினார்கள். அவர்கள் நிலங்கள் எல்லாம் கீழே பள்ளத்தாக்கில், வீடு மேலே. தினமும் இறங்கி ஏற வேண்டும். கழுதை இல்லாத வீடு இல்லை. இன்றைக்கும் ஜூன் மாதம் ஒரு முறையும் செப்டம்பரில் ஒரு முறையும் ஊர் நடுச் சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடத்துகிறார்கள். நாங்கள் போனது வேறு மாதம், அதனால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பேட்டையோடு சேர்த்து வைத்திருந்த அந்த மண் மேடும் கரைந்து கரைந்து, பாலம் இல்லாமல் போக முடியாது என்ற நிலை வந்தது. பாலம் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. இப்போது இருக்கிற கான்கிரீட் நடைபாலம் 1965ல் வந்தது. நீளம் சுமார் 300 மீட்டர். கார் போகாது. ஊர்க்காரர்களின் ஸ்கூட்டரும் சாமான் கொண்டுபோகும் சின்ன வண்டியும் போகலாம். மற்ற எல்லோரும் நடைதான். ஆரம்பத்தில் சமமாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கடைசி ஐம்பது அறுபது மீட்டர் செங்குத்தாக ஏறும். என் மனைவி கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று வந்தார். முழங்கால் விஷயத்தை அப்புறம் சொல்கிறேன்.

அந்தக் காலகட்டத்தில் பான்யோரேஜோவில் பிறந்த பொனவெந்தூரா தெக்கி என்ற எழுத்தாளர் சிவித்தாவுக்கு ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’ என்று ஒரு பட்டம் கொடுத்தார். அவர் 1896ல் பிறந்து 1968ல் இறந்தவர். தன் ஊரைப் பற்றிய துக்கத்தில் சொன்ன சொல். அது எப்படி முடிந்தது தெரியுமா? அந்தச் சொல்லையே விளம்பரமாக எழுதிவைத்துவிட்டார்கள். செத்துக்கொண்டிருக்கும் ஊரைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று உலகமே கிளம்பி வருகிறது.

ஆனால் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு பெண்மணி வந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்ட்ரா சரினா. லாட்வியா நாட்டின் ரீகா நகரில் 1929ல் பிறந்தவர். அமெரிக்காவில் கட்டடக்கலை படித்து, 1960ல் ரோமில் தங்கி ஆய்வு செய்வதற்கான ரோம் பரிசைப் பெற்றார். கட்டடக்கலைக்கு அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ரோமுக்கு வந்தவர் சிவித்தாவைப் பார்த்தார். எல்லோரும் வீட்டை விட்டுவிட்டுப் போகும் ஊரில் இவர் ஒரு பாழடைந்த வீட்டை வாங்கினார்! கணவரோடு சேர்ந்து பழைய முறையிலேயே அதைப் புதுப்பித்தார். 1976 முதல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டிவந்து, அந்த வீடுகளிலேயே தங்கவைத்துப் பாடம் நடத்தினார். 2008ல் இறக்கும் வரை அந்த ஊரை விடவில்லை.

கணக்குப்பிள்ளையாக யோசித்தால் அது பைத்தியக்கார முதலீடு. மதிப்பு நாளுக்கு நாள் குறையும் சொத்து, அடமானத்துக்குக் கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதைப் பார்த்து இன்னும் சிலர் வாங்கினார்கள், பழுது பார்த்தார்கள். இன்று சிவித்தாவில் நிற்கிற வீடுகளில் பெரும்பாலானவை ரோமிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் விடுமுறை வீடுகள். ஜன்னல் தொட்டிகளில் பூ பூத்துக் குலுங்குகிறது, கதவு பூட்டியிருக்கிறது. நம் வளாகத்திலும் அப்படிப் பூட்டிய வீடுகள் உண்டு, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

வாசல் தாண்டி உள்ளே போனதும் ஒரு பெரிய வீட்டின் முகப்பு. நல்ல கல் வேலைப்பாடு, வரிசையாக ஜன்னல்கள். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் வானம் தெரிகிறது. முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது, பின்னால் இருந்த மாளிகை முழுக்கப் பள்ளத்தாக்கில். எத்தனையோ பேர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம். இப்போது திரையில் வருகிறதே, அதுதான்.

சரி, வரவு செலவுக்கு வருகிறேன்.

2010 வாக்கில் சிவித்தாவுக்கு வருடத்துக்கு வந்தவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். பாறையைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கும் பாலத்தின் பராமரிப்புக்கும் பணம் வேண்டும். பான்யோரேஜோ நகராட்சியில் மொத்த மக்களே மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம். அவர்கள் வரியில் எவ்வளவு முடியும்? 2013ல் அப்போதைய மேயர் ஃபிரான்செஸ்கோ பிஜியோத்தி ஒரு முடிவு எடுத்தார். பாலத்தில் கால் வைக்க டிக்கெட். தலைக்கு ஒன்றரை யூரோ. ஊருக்குள் நுழைய டிக்கெட் வாங்கிய ஊர் இத்தாலியில் அதற்கு முன் இல்லை. வெனிஸ் நகரம் பகல் நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024ல்தான். அதற்குப் பதினோரு வருடம் முன்பே இந்தக் குட்டி ஊர் செய்துவிட்டது.

டிக்கெட் போட்டால் கூட்டம் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். கூடியது! டிக்கெட் போட்ட ஊர் என்ற செய்தியே விளம்பரமாகிவிட்டது. ஏழெட்டு வருடத்தில் 40 ஆயிரம் என்பது எட்டு லட்சத்தைத் தாண்டியது. கட்டணமும் ஏறி, வார நாளில் 3 யூரோ, ஞாயிறு விடுமுறைகளில் 5 யூரோ ஆனது. நாங்கள் போனபோது தலைக்கு 5 யூரோ வாங்கினார்கள். நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு அருகில்.

காகிதத்தில் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். எட்டு லட்சம் பேர், சராசரியாக 3 யூரோ என்று வைத்தால் 24 லட்சம் யூரோ. ஒரு யூரோ 90 ரூபாய் என்று எடுத்தால்கூட 21 கோடி ரூபாய்க்கு மேல். நம் சங்கத்தின் பொருளாளர் முகத்தைப் பாருங்கள்! சின்னப் பிள்ளைகள், சலுகைகள் என்று கழித்தாலும் மூவாயிரத்து ஐந்நூறு பேர் நகராட்சிக்கு அது பெரிய தொகை. அந்த வருமானத்தை வைத்து நகராட்சி தன் மக்களிடம் வாங்கும் உள்ளூர் வரிகளையே எடுத்துவிட்டது. உணவகங்கள், தங்கும் விடுதிகள் என்று வேலை வாய்ப்பும் பெருகியது.

பாறையையும் சும்மா விடவில்லை. விளிம்பில் ஆழமான கிணறு போலத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அதிலிருந்து இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தி இழுத்துக் கட்டுகிறார்கள். ஓடைகளின் வேகத்தைக் குறைக்கும் வேலைகளும் நடக்கின்றன. ஊர்ச் சதுக்கத்தில் அலெமான்னி மாளிகை என்ற பழைய வீட்டில் மண் சரிவுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். தன் நோயைத் தானே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2021ல் இத்தாலி அரசு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கும் இதைப் பரிந்துரைத்தது.

டிக்கெட் சரியா தவறா என்று எங்கள் வீட்டிலேயே சண்டை. ஊர் என்பது பொது, தெருவில் நடக்கக் காசு கேட்பது அநியாயம் என்றான் மகன். நான் டிக்கெட் கட்சி. பாலத்தைத் தேய்ப்பது எட்டு லட்சம் ஜோடிக் கால்கள் என்றால், செலவை மூவாயிரத்து ஐந்நூறு பேர் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? உபயோகிப்பவர் கட்டட்டும். இதே வாதத்தை லிஃப்ட் பராமரிப்பு விஷயத்தில் தரைத்தளத்துக்காரர்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேனா என்று மகன் கேட்டான். அது வேறு விஷயம் என்று சொல்லி முடித்தேன். இங்கேயும் அந்த விவாதத்தைத் தொடங்க வேண்டாம்.

ஆனால் ஒரு எண் என்னை உறுத்துகிறது. வரவு இருபது மடங்கு ஏறிய அதே காலத்தில், சிவித்தாவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் எண்ணிக்கை ஏறவில்லை. பத்துப் பன்னிரண்டுதான். பாறையைக் காப்பாற்றப் பணம் வந்துவிட்டது, கல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளை வைத்திருப்பவர் அந்தப் பாலத்தைத் தினமும் எத்தனை தடவை கடப்பார்? பகலில் சதுக்கம் முழுக்கக் கூட்டம், தக்காளி தடவிய ரொட்டியும் ஒயினும் விற்கிறார்கள், ஐஸ்கிரீம் கிடைக்கிறது. மாலை ஐந்தரை ஆறுக்கு எல்லோரும் பாலம் இறங்கிவிடுகிறார்கள். நாங்களும் இறங்கினோம். திரும்பிப் பார்த்தபோது விளக்கு எரிந்த ஜன்னல்களை என் மனைவி எண்ணினார். ஏழு. அதில் இரண்டு உணவகம் என்றான் மகன்.

மிச்சம் இருக்கிறவர்கள் அந்த ஊரை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். நான் படித்ததில் என்னை மிகவும் பாதித்தது இதுதான்.

சான் தொனாத்தோ கோயிலில் மரத்தில் செதுக்கிய சிலுவைநாதர் உருவம் ஒன்று இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு வேலை. 1499ல் கொள்ளை நோய் வந்தபோது, அந்த உருவத்தின் முன் தினமும் வேண்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நோய் சீக்கிரம் விலகும் என்று அது சொன்னதாக ஒரு மரபுக் கதை உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, புனித வெள்ளி அன்று, அந்த உருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, பாடையில் கிடத்தி, பாலத்தைக் கடந்து பான்யோரேஜோவுக்கு எடுத்துப் போகிறார்கள். அங்கே ஊர்வலம் நடக்கிறது. பெரிய ஊர்வலம், இருட்டில் விளக்கும் தீப்பந்தமுமாக. முடிந்ததும் திரும்ப எடுத்துவர வேண்டும். நள்ளிரவுக்குள் சிவித்தாவுக்கு வந்து சேராவிட்டால், உருவம் பான்யோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது ஊர் வழக்கு.

யோசித்துப் பாருங்கள். ஆயர் போனார், நிர்வாகம் போனது, மக்கள் போனார்கள். எல்லாமே அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு வருடமும் கொடுத்து, ஒவ்வொரு வருடமும் மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் அந்தக் கோயிலுக்குள் போனபோது உருவம் அதன் இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். என் மனைவி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

பிள்ளைகள் ஐரோப்பாவில் இருப்பதால் அங்கே போகும் வாய்ப்புள்ளவர்களுக்குச் சில தகவல்கள். ரோமிலிருந்து ரயிலில் ஓர்வியேத்தோ வரை போய், அங்கிருந்து பேருந்தில் பான்யோரேஜோ போகலாம். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்ப வேண்டாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பாலம் வரை ஊருக்குள்ளேயே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கிறது, அதைக் கணக்கில் வையுங்கள். காலையில் சீக்கிரம் போனால் வெயிலும் கூட்டமும் குறைவு. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. முழங்கால் பட்டை போடுபவர்கள் போட்டுக்கொண்டே போங்கள், ஏறுவதை விட இறங்குவதுதான் வலிக்கிறது. பாலத்தில் நிழல் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். உள்ளே சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, அந்தத் தக்காளி ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் நன்றாகவே இருக்கும், கொஞ்சம் மிளகுத்தூள் பொட்டலம் கொண்டுபோனால் இன்னும் நன்றாக இருக்கும்.

படங்களை நம் வளாகக் குழுவில் போடுகிறேன். யாருக்காவது கேள்வி இருந்தால் கேளுங்கள், சுண்டல் ஆறுவதற்குள்.